பாசிர் பெனம்பாங் படகைச் சுற்றும் கருடன்கள்: கூட்டம் தெரிகிறது, கூடு தெரிகிறதா?

கோலசிலாங்கூருக்கு விடுமுறையில் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. சிலாங்கூர் ஆற்றின் வடகரையில் இருக்கும் பாசிர் பெனம்பாங்கில் இருந்து படகு கிளம்பும். படகோட்டி கோழித் தோலை ஆற்றில் வீசுவார். சில நிமிடங்களில் பருந்துகள் கூட்டமாகத் தலைக்கு மேல் வட்டமிடும். ஒவ்வொன்றாகச் சரிந்து வந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தோலைக் காலால் கவ்விக்கொண்டு போகும். படகில் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் மேலே உயரும்.

"இவ்வளவு பறவை இருக்கே, அப்போ எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். படகைச் சுற்றும் பறவைகளை எண்ணி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. மரத்தின் மேல் இருக்கும் கூடுகளை எண்ணினால்தான் முடியும். ஏன் என்று பார்ப்போம்.

படகில் இருந்து நாம் பார்ப்பது எந்தப் பறவை?

நம்மில் பலர் எல்லாவற்றையும் "கழுகு" என்றே சொல்கிறோம். உண்மையில் இங்கே முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதலாவது, செம்மண் நிற உடலும் வெள்ளைத் தலையும் வெள்ளை மார்பும் கொண்ட செம்பருந்து. மலாய்க்காரர்கள் இதை 'லாங் மேரா' என்பார்கள். நமக்கு இது கருடன். கோயில் கும்பாபிஷேகத்தில் புனித நீர் ஊற்றும் நேரத்தில் வானத்தில் வட்டமிடுகிறதா என்று நாம் அண்ணாந்து பார்க்கிறோமே, அதே பறவைதான்.

இரண்டாவது, வெள்ளை வயிறும் சாம்பல் நிற இறக்கையும் கொண்ட கடற்கழுகு. மலாயில் 'லாங் சிபுட்'. கருடனைவிட மிகப் பெரியது. இறக்கையை விரித்தால் ஏறத்தாழ 2 மீட்டர். பெண் பறவை ஆணைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நம் வட்டாரத்தில் இருந்த மதிப்பைச் சொல்ல ஒரு சின்னத் தகவல்: சிங்கப்பூர் 1976 முதல் 1984 வரை வெளியிட்ட பறவை வரிசை நோட்டுகளில், 1,000 வெள்ளி நோட்டில் இருந்தது கருடன். 10,000 வெள்ளி நோட்டில் இருந்தது வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு.

மீனைப் பிடிக்கத் தண்ணீரில் பாயும் விராலடிப்பானையும் இந்தக் கடற்கரையில் சில மாதங்கள் பார்க்கலாம். ஆனால் அது வடக்கு நாடுகளில் இருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் விருந்தாளி. இங்கே முட்டையிடுவதில்லை. கருடனும் கடற்கழுகும் அப்படி இல்லை. இவை இங்கேயே பிறந்து, இங்கேயே குடும்பம் நடத்தும் பறவைகள். அதனால்தான் இவற்றின் கூடு நம்முடைய பொறுப்பாகிறது.

கூடு எங்கே, எப்படி?

கருடன் பெரும்பாலும் சதுப்புநிலக் காட்டு மரங்களிலும், தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் உயர்ந்த மரங்களிலும் கூடு கட்டும். குச்சிகளால் அடுக்கி, நடுவில் குழிபோல் செய்து, இலைகளைப் பரப்பும். பொதுவாக 2 முட்டை. அடைகாக்கும் காலம் சுமார் 26, 27 நாள். குஞ்சு பறக்க மேலும் ஏறக்குறைய 50 நாள் ஆகும்.

கடற்கழுகின் கூடு பார்த்தாலே தெரிந்துவிடும். பெரிய குச்சிகளால் ஆன மேடை, ஒரு மீட்டருக்கு மேல் அகலம். ஒரே ஜோடி வருடா வருடம் அதே கூட்டுக்குத் திரும்பி வந்து, மேலே குச்சி சேர்த்துக்கொண்டே போகும். அதனால் கூடு ஆண்டுக்கு ஆண்டு தடிக்கும். பெரும்பாலும் 2 முட்டை, சுமார் 6 வாரம் அடைகாத்தல். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மேலும் பத்து, பதினோரு வாரம். இரண்டு குஞ்சு பொரித்தாலும் பல நேரங்களில் ஒன்றுதான் தேறும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கருடனுக்கு முட்டையில் இருந்து பறப்பது வரை இரண்டரை மாதம். கடற்கழுகுக்கு நான்கு மாதம். பறக்கப் பழகிய பிறகும் இளம் பறவை பல வாரங்கள் பெற்றோரை நம்பித்தான் இருக்கும். கூடு கட்டும் நாட்களையும் சேர்த்தால், ஒரு ஜோடிக்கு ஆண்டில் பாதி இதிலேயே போய்விடுகிறது. நடுவில் கூடு கலைந்தால் அந்த வருடமே வீணாகலாம்.

பருவமும் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் கருடன் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு கட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் தெற்கிலும் கிழக்கிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஆகவே ஒரு நாட்டின் நாட்காட்டியை இன்னொரு நாட்டில் அப்படியே ஒட்ட முடியாது. அந்தந்தக் கடற்கரையில் யாராவது கூட்டைப் பார்த்து எழுதி வைத்தால்தான் உள்ளூர்ப் பருவம் துல்லியமாகத் தெரியும்.

சரி, கூட்டம் அதிகம் என்றால் நல்ல செய்திதானே?

அவசியம் இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, உணவு கிடைக்கும் இடத்தில் பருந்துகள் தொலைவில் இருந்தும் வந்து கூடும். கருடன்கள் இரவில் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் தங்குவதும் உண்டு. கடற்கழுகு ஜோடியோ தனக்கென ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டு மற்ற ஜோடிகளை விரட்டும். ஆகவே ஒரு படகைச் சுற்றி இருபது பறவை என்றால், பக்கத்தில் பத்துக் கூடு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அதில் ஜோடி சேராதவை இருக்கும். வேறு இடத்தில் இருந்து வந்தவையும் இருக்கும்.

இரண்டு, இவை நீண்ட காலம் வாழும் பறவைகள். கடற்கழுகு முழு வளர்ச்சி அடையவே நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகும். அதன்பிறகு இருபது ஆண்டு வாழும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் தொடர்ந்து ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை என்றாலும், அந்த இரண்டு பறவைகளும் தினமும் படகுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். படகில் இருப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

இது வெறும் கற்பனையா?

இல்லை. அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது.

சார்லஸ் ப்ரோலி என்பவர் கனடாவில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். 1939-இல் இருந்து ஃபுளோரிடா மாநிலத்தின் மேற்குக் கடற்கரையில் வெண்தலைக் கழுகுக் கூடுகளில் ஏறி, குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டி வந்தார். 1940களின் நடுப்பகுதி வரை ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டினார். அதன்பின் எண்ணிக்கை சரிந்தது. 1950களின் இறுதியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. பெரிய கழுகுகள் அப்போதும் வானத்தில் தெரிந்தன. கூட்டில்தான் குஞ்சு இல்லை.

டிடிடி பூச்சிக்கொல்லி மீன் வழியாகக் கழுகின் உடம்பில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்குகிறது என்பது பிறகு உறுதியானது. தாய்ப் பறவை அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக மற்ற மாநிலங்களில் 500-க்கும் குறைவான ஜோடிகளே எஞ்சின. 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. கூடுகளும் பாதுகாக்கப்பட்டன. 2007-இல் வெண்தலைக் கழுகை ஆபத்துப் பட்டியலில் இருந்து எடுத்தபோது, ஏறக்குறைய 10,000 ஜோடிகள் இருந்தன.

கோலசிலாங்கூரில் அதே நிலைமை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கருடனும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகும் உலக அளவில் இன்று ஆபத்துப் பட்டியலில் இல்லை. ஆனால் எதை எண்ண வேண்டும் என்பதை ப்ரோலி காட்டிவிட்டார். அவர் வானத்தைப் பார்த்து எண்ணவில்லை. மரத்தில் ஏறி எண்ணினார்.

கோழித் தோலில் என்ன குறை?

பருந்து இயற்கையில் மீனை முழுசாகத் தின்னும். சதையோடு முள்ளும் உள்ளே போகும். முள்ளில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் தேவை. கோழித் தோலில் கொழுப்பு நிறைய உண்டு, சுண்ணாம்புச் சத்து இல்லை என்றே சொல்லலாம்.

பெரிய பறவை அவ்வப்போது ஒரு துண்டு தோல் தின்பதால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. கவலை குஞ்சைப் பற்றியது. கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு ஆண் பறவைதான் பெரும்பாலும் இரை கொண்டுவரும். பக்கத்திலேயே அலையாமல் கிடைக்கும் உணவு இருந்தால் அதுவும் கூட்டுக்குப் போக வாய்ப்பு உண்டு. எலும்பு இல்லாத இறைச்சியை மட்டும் தின்று வளரும் இரைப்பறவைக் குஞ்சுகளுக்குக் கால் வளைவதும் எலும்பு முறிவதும், பருந்துகளைப் பராமரிப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் நன்றாக அறிந்த பிரச்சினை.

பிரிட்டனில் இதற்கு இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது. வேல்ஸில் கிக்ரின் பண்ணையில் 1990களின் தொடக்கத்தில் இருந்து, அங்குள்ள ஒருவகைச் செம்பருந்துகளுக்குக் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் உணவு போடுகிறார்கள். பார்க்கக் கட்டணம் உண்டு, மக்கள் ஒளிந்து பார்க்கும் மறைவிடத்தில் இருந்துதான் பார்க்க முடியும். அழிவின் விளிம்பில் இருந்த பறவை மீண்டதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இங்கிலாந்தின் சில்டர்ன்ஸ் பகுதியில் மக்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் மிச்ச இறைச்சியைப் போடத் தொடங்கியபோது, "தயவுசெய்து போடாதீங்க" என்று பாதுகாப்பு அமைப்புகளே கேட்டுக்கொண்டன. குஞ்சுகளின் எலும்பு வளர்ச்சி அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆக, எதைப் போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம், எங்கே, எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன. லங்காவியின் கிலிம் ஆற்றிலும் இதே விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது.

படகுச் சத்தம் பெரிய விஷயமா?

கடற்கழுகுக்கு, ஆமாம். கூடு கட்டும் தொடக்க நாட்களிலும் முட்டையிட்ட புதிதிலும் மனிதர்கள் கிட்டே போனால் அது கூட்டையே கைவிடக்கூடும். தாய் எழுந்து பறந்தால், வெயிலில் கிடக்கும் முட்டையும் சின்னக் குஞ்சும் வெகுநேரம் தாங்காது. காக்கைக்கும் அதுதான் சந்தர்ப்பம். ஆஸ்திரேலியாவில் இதே பறவையின் கூட்டைச் சுற்றி, பருவக் காலத்தில் பல நூறு மீட்டர் தூரத்துக்கு வேலை எதுவும் செய்யாமல் விடும் வழக்கம் உண்டு.

அதேசமயம் இந்தப் பறவை ஒரேயடியாகக் கூச்சப்படும் பறவையும் அல்ல. சிங்கப்பூரில் மின்கோபுரங்களிலும் தொலைத்தொடர்புக் கோபுரங்களிலும்கூடக் கடற்கழுகு கூடு கட்டியிருக்கிறது. உயரமும் சுற்றிப் பார்க்க வசதியும் கிடைத்தால், கீழே ஓடும் வாகனங்களைப் பொறுத்துக்கொள்கிறது. அதால் பொறுக்க முடியாதது, கூட்டை நோக்கி நேராக வரும் படகு, ஏறும் ஆள், சுற்றிவரும் டிரோன்.

தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று இந்த வட்டாரம் முழுக்கத் தோட்டங்கள்தான். கருடன் கடற்கரையை மட்டும் நம்பி வாழும் பறவை அல்ல. வயலிலும் தோட்டத்திலும் எலி, தவளை, பாம்பு என்று எது கிடைத்தாலும் எடுக்கும். செத்ததையும் தின்னும்.

செம்பனைத் தோட்டத்தில் எலி பெரிய தொல்லை. பழக்குலையைத் தின்றுவிடும். அதற்கு மலேசியத் தோட்டங்கள் கண்டுபிடித்த நல்ல வழி கூகை ஆந்தை. கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்தால் ஆந்தை அதில் முட்டையிட்டு, எலியைப் பிடித்துக் குஞ்சை வளர்க்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்திருப்பீங்க. ஒரு இரைப்பறவைக்குக் கூடு கொடுத்தால் அது நமக்கு வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் பல இடங்களில் எலி மருந்தும் போடப்படுகிறது. மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அப்படித் திரியும் எலிதான் பருந்துக்கும் ஆந்தைக்கும் எளிதில் அகப்படும். வீரியம் கூடிய புதிய வகை மருந்துகள் அவற்றைத் தின்ற பறவையின் ஈரலில் பல மாதம் தங்கும். பெற்றோர் கொண்டுவரும் எலியைத் தின்னும் குஞ்சுக்கும் அதே விஷம்தான்.

அடுத்தது மரம். கடற்கழுகு மற்ற மரங்களைவிட ஓங்கி நிற்கும் பெரிய மரத்தைத் தேடும். ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் செம்பனை அதற்குப் பயன்படாது. தோட்டம் வீட்டுமனையாகும்போது முதலில் விழுவது ஓரத்தில் நின்ற பழைய பெரிய மரங்கள். ஆற்றங்கரையில் மரம் போனால் மின்மினிக்கு மட்டும் நஷ்டம் இல்லை, பருந்துக்கும்தான். 1987-இல் தொடங்கிய கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் மதிப்பு இங்கேதான் புரியும். மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியில் உருவான அந்தப் பூங்கா, பறவை பார்க்க வருபவர்களுக்கு மட்டும் இல்லை, கூடு கட்ட வருபவற்றுக்கும் இடம்.

கும்பிடும் பறவைதானே, அதற்கு என்ன ஆகும்?

இங்கே தமிழ்நாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில், அர்ச்சகர் தினமும் நண்பகலில் பொங்கல் வைக்க, இரண்டு கழுகுகள் வந்து தின்றுவிட்டுப் போகும். ஊரின் பெயரே கழுகால் வந்தது. வந்தவை மஞ்சள் முகமும் வெள்ளை உடலும் கொண்ட பிணந்தின்னிக் கழுகு வகையைச் சேர்ந்தவை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்த அந்தக் காட்சி 1990களில் நின்றுபோனது.

அங்கே உணவுக்குக் குறைவில்லை, பக்திக்கும் குறைவில்லை. பறவைதான் வரவில்லை. இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் சரிந்த காலம் அது. தட்டில் உணவு வைப்பதும் வணங்குவதும் ஒரு பறவை இனத்தைக் காப்பாற்றப் போதாது. அதற்குக் கூடு கட்ட இடமும் விஷமில்லாத இரையும் வேண்டும்.

நம் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வர வேண்டும் என்று விரும்புகிறோம். கருடன் வர, பறந்து வரும் தூரத்தில் அதற்கு ஒரு மரம் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. அனுமதியில்லாமல் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 2022-இல் திருத்தம் கொண்டுவந்து தண்டனையையும் கூட்டினார்கள். நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. குஞ்சை எடுத்து வீட்டில் வளர்த்து, படம் எடுத்துப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் சட்டத்தால் வேட்டையைத் தடுக்க முடியும். தனியார் நிலத்தில் நிற்கும் ஒரு கூட்டு மரம் இன்று விழுமா, நான்கு மாதம் கழித்து விழுமா என்பது பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்கும் மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.

அப்போ படகோட்டிகளின் பிழைப்பு?

இது நியாயமான கேள்வி. பாசிர் பெனம்பாங் அடிப்படையில் மீனவர் கிராமம். கடல் உணவுக் கடைகளும் மின்மினிப் பயணமும் பருந்துப் படகும் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. மீன் இறக்கும் துறையில் கழித்துப்போடும் மீனைப் பருந்து எடுப்பதும் நம் கடற்கரைகளில் காலங்காலமாக நடப்பதுதான்.

படகை நிறுத்தாமலேயே செய்யக்கூடிய மாற்றங்கள் இருக்கின்றன. கோழித் தோலுக்குப் பதில் சின்ன மீனை முழுசாகப் போடலாம். அளவைக் குறைக்கலாம். எல்லாப் படகும் ஒரே இடத்தில், குறித்த நேரத்தில் மட்டும் போடலாம். கூடு இருக்கும் கரைப் பக்கம் பருவம் முடியும்வரை போகாமல் இருக்கலாம். ஆற்றை நன்றாகத் தெரிந்தவர்கள் படகோட்டிகள்தான். எந்த மரத்தில் கூடு இருக்கு, போன வருடம் குஞ்சு பறந்ததா என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த விவரத்தைக் குறித்து வைத்தாலே இந்தக் கடற்கரைக்கு ஒரு கூட்டுக் கணக்கு கிடைத்துவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை படகில் ஏறும்போது, வெள்ளைத் தலைக் கருடனை மட்டும் படம் எடுக்காதீங்க. கூட்டத்தில் உடல் முழுக்கப் பழுப்பாக, புள்ளியும் கோடுமாக இருக்கும் பறவையைத் தேடுங்க. அதுதான் இளம் பறவை. கருடனுக்கு வெள்ளைத் தலை வர இரண்டு, மூன்று வருடம் ஆகும். கடற்கழுகுக்கு இன்னும் அதிகம். பழுப்புப் பறவைகள் வருடா வருடம் தெரிந்தால், எங்கோ சில கூடுகளில் குஞ்சு தேறியிருக்கிறது. ஒன்றுகூட இல்லாத வருடங்கள் தொடர்ந்தால், அது கவனிக்க வேண்டிய விஷயம்.

எத்தனை பெரியது, எத்தனை பழுப்பு என்று தேதியோடு எழுதி, பறவை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யலாம். கூட்டைப் பார்த்தால் கிட்டே போக வேண்டாம், டிரோன் விட வேண்டாம், இடத்தைச் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். பெர்ஹிலித்தானிடமோ மலேசிய இயற்கைக் கழகத்திடமோ சொல்லுங்க. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் செத்த எலியைக் கண்டால் கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்க. மரம் வெட்ட ஆள் வந்தால், மேலே கூடு இருக்கிறதா, அதில் குஞ்சு இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்க. நான்கு மாதம் தள்ளிப்போட முடிந்தால், அந்த மரத்தில் இருந்து இன்னும் ஒரு கருடன் பறக்கும்.